சேலமா, நாமக்கல்லா? ஊர் மாறும் வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வாசகருக்கு,

பெங்களூரிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அந்த ஊர் போதும், பிறந்த மண் பக்கம் வந்துவிடலாம் என்று முடிவெடுத்துவிட்டீர்கள். சேலத்தில் குடியேறுவதா, நாமக்கல்லிலா என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. உங்கள் மனைவிக்குச் சேலம் அம்மாப்பேட்டை பிறந்த வீடு. உங்களுக்கு நாமக்கல் மாவட்டத்தில் ராசிபுரம் பக்கத்துக் கிராமம். கூடவே, சர்க்கரையும் மூட்டுவலியுமாக உங்கள் அம்மா. வருகிற ஜூனில் ஆறாம் வகுப்புக்குப் போகும் மகள். வாழ்க்கைத் தரம் எந்த ஊரில் மேல் என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். பதில் ஒரே வரியில் அடங்காது. ஆனால் மழுப்பவும் மாட்டேன். கடைசியில் ஒரு தீர்ப்புச் சொல்லித்தான் முடிப்பேன்.

முதலில் பட்டியல்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். மத்திய அரசு 2021 மார்ச்சில் வெளியிட்ட வாழ்வதற்கு எளிதான நகரங்களின் வரிசையில், பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள் வாழும் ஊர்களில் சேலத்துக்கு ஐந்தாம் இடம். வேலூர் ஆறாவது, திருச்சி பத்தாவது. நாமக்கல் அதில் இல்லை. தோற்றுப்போனதால் அல்ல, எடைபோடப்பட்ட 111 நகரங்களில் அதைச் சேர்க்கவே இல்லை. அப்போது அது மாநகராட்சியும் அல்ல, சீர்மிகு நகரமும் அல்ல. ஆக, உங்கள் கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை கிடையாது. இருந்திருந்தாலும் பயன் குறைவுதான். பட்டியல் லட்சக்கணக்கானவர்களின் சராசரியைச் சொல்லும். உங்கள் வீட்டில் இருப்பதோ நாலே பேர், நாலு விதமான தேவைகள்.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளும் இதே கேள்வியோடுதான் அலைகிறார்கள்: டாலஸா, ஹூஸ்டனா? அங்கே விடை கொஞ்சம் எளிது. இரண்டும் டெக்சாஸில்தான், அந்த மாநிலத்தில் வருமான வரி கிடையாது, வீட்டுக்குச் சொத்து வரிதான் அதிகம். வீட்டு விலை, எந்தப் பள்ளி வட்டாரம், அலுவலகத்துக்குக் கார் ஓட்டும் நேரம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக் கழித்தால் முடிவு வந்துவிடும். இரண்டு ஊரிலும் மாமனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. நமக்கு அப்படி இல்லை. ஊரோடு சேர்த்து உறவையும் வாடகைக்கு எடுக்கிறோம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சேலமும் நாமக்கல்லும் இரண்டு தனி ஊர்கள்போலத் தெரிந்தாலும், 1997 ஜனவரி 1 வரை ஒரே மாவட்டம். இன்றைக்கும் மோகனூரில் இருக்கும் சர்க்கரை ஆலைக்குப் பெயர் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஆலை நிற்பதோ நாமக்கல் மாவட்டத்தில். சேலம் 1866இல் நகராட்சியானது, 1994இல் மாநகராட்சியானது. நாமக்கல் மாநகராட்சியானது 2024இல்தான். 2011 கணக்கெடுப்பில் சேலத்தில் எட்டேகால் லட்சத்துக்கும் மேல் மக்கள். நாமக்கல் நகராட்சியில் 55 ஆயிரத்தை ஒட்டித்தான். பிறகு சுற்றுவட்டாரக் கிராமங்களைச் சேர்த்துத்தான் அது பெரிதானது. ஆகவே இரண்டு சமமான ஊர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். தாய் ஊருக்கும், தனிக்குடித்தனம் போன பிள்ளை ஊருக்கும் இடையில்தான் உங்கள் தேர்வு.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்றைக் கவனித்தேன். விமானம், இணைய வேகம், பெங்களூருக்கு எத்தனை மணி நேரம் என்று நீங்கள் கேட்டதெல்லாம் சம்பாதிப்பவரின் கேள்விகள். சம்பாதிப்பவர் எந்த ஊரில் இருந்தாலும் பகல் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கப்போகிறார். ஊரில் உண்மையாகவே வாழப்போவது உங்கள் அம்மாவும் மகளும்தான். காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் தெருவில் கால் வைப்பவர்கள் அவர்கள். அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை, மூட்டுவலி. மாதாந்திரச் சோதனைக்கும் மாத்திரைக்கும் நாமக்கல் தாராளமாகப் போதும். அங்கே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்துவிட்டார்கள். ஆனால் நடு இரவில் ஒரு பக்கம் கைகால் விழுந்தால் என்ன செய்வீர்கள்? மூளை ரத்தக்குழாய் அடைப்புக்கு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த மணிக்கணக்கில் ஆம்புலன்ஸ் வரும் நேரமும் சேரும், ஸ்கேன் எடுக்கும் நேரமும் சேரும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரில் 1986இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் மாவட்டங்களின் நோயாளிகளையும் தாங்குகிறது. ஐந்து ரோடு, நான்கு ரோடு, பேர்லேண்ட்ஸ் பகுதிகளில் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன. நாமக்கல்லிலிருந்து இவற்றுக்கு வர ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நான்குவழிச் சாலைதான், ஆனாலும் அந்த ஐம்பது கிலோமீட்டர் அவசர நேரத்தில் நீளும்.

மருத்துவமனை அம்மாவுக்கு வருடத்தில் சில நாள். மற்ற நாட்களில்? இங்கேதான் நாமக்கல் சேலத்தை முந்துகிறது. பாறைக்கோட்டை, அதன் அடியில் நரசிம்மர் குடைவரை, நாமகிரித் தாயார், எதிரே வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயர், கமலாலயக் குளம் என்று எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில். கோட்டை ரோட்டுப் பக்கம் வீடு கிடைத்தால் மூட்டுவலிக்காரரும் சாயங்காலம் மெதுவாக நடந்துபோய் வடைமாலை பார்த்துவிட்டு வரலாம். சேலத்தில் சுகவனேசுவரரும் கோட்டை மாரியம்மனும் பழைய பேருந்து நிலையத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். ஆனால் அழகாபுரத்தில் குடியிருக்கும் வயதானவர் அங்கே போக ஆட்டோ பிடிக்க வேண்டும். ஆட்டோவுக்கு நிற்கச் சாலையைக் கடக்க வேண்டும். ஐந்து ரோட்டில் 2020இல் திறந்த மேம்பாலம் கிட்டத்தட்ட எட்டு கிலோமீட்டர் நீளம். வண்டிகளுக்கு வழி கிடைத்தது. நடப்பவர்கள் கீழே அதே நெரிசலில்தான் நிற்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் சேலம் ஈடு கட்டுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டவுன் பஸ்கள் அடர்த்தியாக ஓடும் ஊரில்தான் இந்தச் சலுகைக்கு முழு அர்த்தம். பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஊரின் எந்த மூலைக்கும் டவுன் பஸ் கிடைக்கும். நாமக்கல்லிலோ வெளியூர்ப் பேருந்துகளை 2024 அக்டோபரில் திறந்த முதலைப்பட்டி புதிய நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊருக்குள் லாரி நெரிசல் குறைய அது நல்லது. ஆனால் கோட்டையடியில் இறங்கிப் பழகிய பெரியவர்களுக்கு இப்போது இன்னொரு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு ஆகும் இன்னொன்று, பேச்சுத்துணை. "எந்த ஊருங்க? யாரு ஊட்டுப் பொண்ணு?" என்று நாமக்கல்லில் கேட்பார்கள். இரண்டு கேள்வியில் ஒரு சொந்தம் கிளைத்துவிடும். அதே கேள்வி வாடகை வீடு தேடும்போது சாதியை விசாரிக்கும் கேள்வியாகவும் வரும். சேலத்தில் அது இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊர் பெரிது என்பதால் ஒரு கதவு மூடினால் பத்துக் கதவு இருக்கிறது. நீங்களும் உங்கள் மனைவியும் வேறு வேறு சாதியாக இருந்தால் இதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். மேலும், நாமக்கல்லில் உங்கள் அம்மாவுக்கு நிழலாக இருக்கும் அதே தெரிந்த முகங்கள், நாலு வருடம் கழித்து உங்கள் மகளுக்குக் காவலாக மாறிவிடலாம். அவள் யாரோடு பேசினாள் என்பது அவள் வீடு வருமுன் வீடு வந்து சேர்ந்துவிடும்.

இனி மகளின் படிப்பு. "நாமக்கல் ஸ்கூல்" என்பது ஒரு காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் தனி வகை. அதற்குக் காரணம் உண்டு. 2007 வாக்கில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத்தேர்வைத் தமிழ்நாடு எடுத்துவிட்டது; பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வாசல் ஆனது. மதிப்பெண்ணை மட்டும் விளைவிக்கத் தெரிந்த விடுதிப் பள்ளிகள் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் பெருகின. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம், விடியற்காலையிலேயே படிப்பு, மாதத்துக்கு ஒரு முறை பெற்றோரைப் பார்ப்பது என்று ஒரு முறை உருவானது. 2017இல் நீட் வந்தபின் அந்த மதிப்பெண்ணுக்கு மருத்துவக் கல்லூரியில் மதிப்பில்லாமல் போயிற்று. அதே வளாகங்கள் பல, நீட் பயிற்சிப் பலகையை மாட்டிக்கொண்டன.

உங்கள் மகள் வீட்டிலிருந்து போய்வரப் போகிறவள். அவளுக்கு இந்தப் புகழால் பெரிய லாபம் இல்லை. நல்ல பகல் பள்ளி இரண்டு ஊரிலும் இருக்கிறது. வேறுபாடு தெரிவது பதினேழு வயதில். சேலத்தில் அரசு கலைக் கல்லூரி 1857இலிருந்து இருக்கிறது. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966இலிருந்து, பெரியார் பல்கலைக்கழகம் 1997இலிருந்து இருக்கின்றன. மருத்துவம், சட்டம், கலை, பாலிடெக்னிக் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் வீட்டிலிருந்தே போய்வர வாய்ப்பு அதிகம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து பேர் பெற்றது. மகளுக்கு ஆட்டு மாட்டின்மேல் ஆசை இருந்தால் அதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கல்லூரிகள் அங்கேயும் உண்டு. ஆனால் மனம் மாறினால் மாற்றிக்கொள்ளச் சேலத்தில்தான் வழி அதிகம்.

நீங்களும் உங்கள் மனைவியும் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறீர்கள். அந்த ஏற்பாடு நாளைக்கே ரத்தானால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தாக வேண்டும். நாமக்கல் முதலாளிகளின் ஊர். லாரி, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை, சமையல் எரிவாயு டேங்கர், கோழிப்பண்ணை, முட்டை, திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி எல்லாம் சொந்தப் பணத்தையும் சொந்தக்காரர் பணத்தையும் போட்டு நடத்தும் தொழில்கள். டிரைவராகத் தொடங்கி லாரி வாங்கியவர்கள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். சம்பள வேலைக்கு வருபவருக்கு அந்த ஊரில் இடம் குறுகல். அந்தச் செல்வம் ஆடவும் செய்யும். 2020 தொடக்கத்தில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று கிளம்பிய வதந்தி ஒன்றே முட்டை விலையைச் சாய்த்தது, பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். லாரி வேலைநிறுத்தம் வந்தால் ஊரே நின்றுவிடும்.

சேலத்தின் சம்பாத்தியம் பல கிளைகளில் இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசு, அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி, லீ பஜாரில் மொத்த வியாபாரம், உருக்காலை, 2007இல் அமைந்த ரயில்வே கோட்டம், ஜவ்வரிசிக்கு 1981இல் தொடங்கிய சேகோசர்வ், மருத்துவமனைகள், கல்லூரிகள் என ஒன்று படுத்தால் இன்னொன்று நிற்கும். ஆனால் கணினித் துறையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் பூங்கா இருக்கிறது. பெங்களூரின் வேலைச்சந்தையை அதில் தேடக்கூடாது. உங்கள் மனைவி கணக்குத் துறை என்று எழுதியிருந்தீர்கள். அவருக்குச் சேலத்தில் உள்ளூரிலேயே வேலை கிடைக்கும்.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் இடைவெளி குறைந்துவிட்டது. சேலம் சந்திப்பு சென்னை, கோவை, கேரளப் பாதையில் இருக்கிறது. சேலம்–நாமக்கல்–கரூர் ரயில் பாதை 2013இல் திறந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய மதுரை–பெங்களூரு வந்தே பாரத் நாமக்கல்லிலும் நிற்கிறது, சேலத்திலும் நிற்கிறது. காமலாபுரம் விமான நிலையத்தில் இடையில் நின்றுபோன சேவை 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. அதை நம்பி வீடு வாங்க வேண்டாம்.

இதுவரை சொன்னதில் சேலத்தின் பக்கம் தட்டு தாழ்ந்திருக்கும். இனிச் சேலத்துக்காரர்கள் பேச விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன்.

சேலத்தைச் சுற்றி சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை. படத்தில் அழகு. மே மாதத்தில் வெயிலும் புகையும் வெளியேற வழியில்லாத பள்ளமாகிவிடும் ஊர். ஏற்காடு முப்பது கிலோமீட்டர்தான். அதற்காக மதியம் இரண்டு மணிக்கு அம்மாவை அங்கே கொண்டுபோக முடியுமா? நாமக்கல்லும் குளிர்ந்த ஊர் அல்ல. ஆனால் அங்கே வெட்டவெளி அதிகம், சாயங்காலம் காற்று வரும். அதே காற்றுதான் கோழிப்பண்ணை வாசனையையும் கொண்டுவரும். ஊருக்கு வெளியே மனை வாங்கினால் பக்கத்துப் பண்ணை எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, மழைக்காலத்தில் ஈ எப்படி என்று விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சேலத்தில் ராசிபுரம், ஆத்தூர் சாலைகளின் பக்கம் பார்த்தால் ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரின் புளித்த நாற்றத்தையும், கருப்பூர்ப் பக்கம் பார்த்தால் வெள்ளைக்கல் சுரங்கத் தூசியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் இரண்டு ஊருக்கும் காவிரிதான். 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணையிலிருந்து சேலம் குடிக்கிறது. அணை தாண்டி வரும் ஆற்றிலிருந்து நாமக்கல் குடிக்கிறது. எத்தனை நாளைக்கு ஒரு முறை குழாயில் வருகிறது என்பது தெருவுக்குத் தெரு மாறும். அதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். எதிர்வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள்தான் குடம் பிடிப்பவர்கள், உண்மையைச் சொல்வார்கள்.

ஆறு ஒன்று பாக்கி இருக்கிறது. சேர்வராயன் மலைச் சரிவில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்துக்குள் நுழைந்து, நஞ்சை இடையாறு பக்கம் காவிரியில் சேர்கிறது. சேலத்தில் அதைச் சாக்கடை என்றுதான் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்கள். வீட்டுக் கழிவோடு சாயக் கழிவும் சேர்ந்து, மழை பெய்தால் நுரைபொங்கக் கீழே போகிறது. கீழே இருக்கும் ஏரிகளும் கிணறுகளும் நாமக்கல் விவசாயிகளுடையவை. சேலத்தின் பிழைப்பில் ஒரு பங்குச் செலவை நாமக்கல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்றால் மிகையில்லை. எந்தத் தரவரிசையிலும் இந்தக் கணக்கு வராது. மாவட்டத்தைப் பிரித்த கோடு ஆற்றைப் பிரிக்கவில்லை.

சேலத்துக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள் என்றும் சொல்லக்கூடாது. கன்னங்குறிச்சி பக்கம் மூக்கனேரியை 2010இல் சேலம் மக்கள் குழு கையில் எடுத்தது. தூர்வாரிய மண்ணைக்கொண்டு ஏரிக்குள் குட்டிக் குட்டித் தீவுகள் அமைத்து மரம் வைத்தார்கள், பறவைகள் திரும்பின. ஒரு ஊரில் வாழ்க்கைத் தரம் உயர்வது பாலத்தால் மட்டுமல்ல, இப்படிக் கூடுகிறவர்கள் இருப்பதாலும்தான். நீங்கள் எந்த ஊருக்கு வந்தாலும் முதல் வருடத்திலேயே அப்படி ஒரு கூட்டத்தைத் தேடிச் சேருங்கள்.

சாயங்காலங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சேலத்தில் தட்டுவடை செட், புத்தகக் கடை, சினிமா, ஆடி மாதம் பிறந்தால் ஊர் முழுக்க மாரியம்மன். நாமக்கல்லில் குளக்கரை, கோட்டை, விடுமுறைக்கு எழுபது வளைவு ஏறினால் கொல்லிமலை. மகளுக்குச் சேலம் பிடிக்கும், அம்மாவுக்கு நாமக்கல் பிடிக்கும்.

இனித் தீர்ப்பு. உங்கள் நாலு பேர் வீட்டுக்கு நான் சேலத்தைத்தான் சொல்வேன். சேலம் இனிமையான ஊர் என்பதற்காக அல்ல. அடுத்த பத்து வருடத்தில் உங்கள் வீட்டில் வரப்போகும் இரண்டு பெரிய விஷயங்கள் அம்மாவின் முதுமையும் மகளின் கல்லூரியும். அந்த இரண்டுக்கும் சேலத்தில் தூரம் குறைவு. மகள் படித்து முடித்து வெளியே போன பிறகு, நீங்கள் இருவர் மட்டும் என்றால், நாமக்கல்லோ ராசிபுரமோ போய் நிம்மதியாக இருங்கள். அப்பாவின் நிலம் இருக்கிறது, பண்ணை வைக்கப்போகிறேன், லாரி விடப்போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் இன்றைக்கே நாமக்கல் என்றுதான் பதில் எழுதியிருப்பேன். நடுவழியாக ராசிபுரம் என்று உங்கள் அண்ணன் சொல்வதையும் படித்தேன். அது இரண்டு ஊருக்கும் பக்கம் என்பது உண்மை. பஸ்ஸிலேயே நாள் கழியும் என்பதும் உண்மை.

சேலத்திலும் உடனே வீடு வாங்காதீர்கள். பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுங்கள், முடிந்தால் ஏப்ரலில் குடி வாருங்கள். வெயில், தண்ணீர்ப் பஞ்சம், பள்ளிச் சேர்க்கை மூன்றையும் ஒரே சமயத்தில் பார்த்துவிடலாம். அந்த மாதங்களைப் பொறுக்க முடிந்தால் மற்ற மாதங்கள் சுலபம். பேர்லேண்ட்ஸ் பெருமைக்காக வாடகையை ஏற்றிக்கொள்ள வேண்டாம். அம்மா கைத்தடியோடு இறங்கினால் டவுன் பஸ் நிறுத்தமும் மருந்துக்கடையும் எட்டும் தெருவாகப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சேலத்தில் குடியேறினால், வார்டு உறுப்பினரிடம் நீங்கள் வைக்கும் முதல் கேள்வி உங்கள் தெரு விளக்கைப் பற்றியதாக இருக்க வேண்டாம்; உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். அது போய்ச் சேரும் இடத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் கிணறு வைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்